தலைக்காயத்துக்குப் பின் வந்த மறதி: ஒரு தையல்காரரின் மனைவிக்குப் பதில்

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. தையல்காரர். வீட்டு முன்பக்கத்திலேயே கடை. பத்து மாதத்துக்கு முன் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. இடது நெற்றிப் பக்கம் ரத்தம் கட்டியதால் ஆபரேஷன் செய்தார்கள். மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து வயிற்றுத் தோலுக்கடியில் வைத்திருந்து, நான்கு மாதம் கழித்துத் திரும்பப் பொருத்தினார்கள். இப்போது கை, கால், பேச்சு எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் காலையில் சொன்னது மதியம் நினைவில் இல்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். போன மாதம் ஒருவருடைய பட்டு ஜாக்கெட் துணியை இன்னொருவர் அளவுக்கு வெட்டிவிட்டார். நான் சொல்லாவிட்டால் குளிக்கக்கூட எழுந்திருப்பதில்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிறார். 13 வயது மகன் அவர் பக்கத்திலேயே போவதில்லை. கேட்டால் ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்கிறார். சொந்தக்காரர்கள் சோம்பேறித்தனம் என்கிறார்கள். சுடோகு, செல்போனில் மூளைப் பயிற்சி விளையாட்டு, வல்லாரை, ஞாபகசக்தி மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. தினமும் மூன்று வேளை உட்காரவைத்து ‘நேத்து யாரு வந்தாங்க, காலைல என்ன சாப்பிட்டீங்க’ என்று கேட்டுப் பயிற்சியும் கொடுக்கிறேன். அதற்கும் கோபப்படுகிறார். ஞாபகம் திரும்புமா? மறுபடியும் தைப்பாரா? மனநலப் பிரிவில் காட்டச் சொல்கிறார்கள். அவருக்கு ஒன்றும் பைத்தியம் இல்லையே?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர் மாவட்டம்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மூன்று வேளைக் கேள்விகளை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நீங்கள் எவ்வளவு ஆசையோடும் பாடுபட்டும் அதைச் செய்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ஆனாலும் நிறுத்துங்கள். பார்க்க வருகிறவர்களையும் நிறுத்தச் சொல்லுங்கள். ‘நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்’ என்று கட்டிலருகில் நின்று கேட்காத சொந்தக்காரரே நம் ஊரில் கிடையாது. அடிபட்டவருக்கு அது ஒவ்வொரு முறையும் பரீட்சை. அதுவும் தோற்றுப்போகும் பரீட்சை.

இதை வெறும் மரியாதைக்காகச் சொல்லவில்லை. பிரிட்டனின் உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நினைவாற்றல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சில சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு முறையில் அவர்களை ஊகித்துச் சொல்லவிட்டு, தப்பானால் திருத்தினார்கள். மற்ற முறையில் தப்புக்கே இடம் கொடுக்காமல் சரியான விடையை முன்கூட்டியே சொல்லி எழுதவைத்தார்கள். இரண்டாவது முறையில்தான் அவர்களுக்கு நன்றாக நினைவில் நின்றது. காரணம் இதுதான்: நாம் ஒரு தப்பைச் செய்தால், ‘போன தடவை இப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டோம்’ என்பது ஞாபகம் வரும், அதனால் திருத்திக்கொள்கிறோம். உங்கள் கணவருக்கு அந்த ஞாபகம்தான் பாதிக்கப்பட்டிருக்கிறது. தப்பாகச் சொன்னது தப்பு என்பது மறந்துபோகிறது, ஆனால் வாயில் வந்த அந்த விடை மட்டும் பழகிப்போகிறது. அடுத்த முறை அதுவே முதலில் வந்து நிற்கும். அதனால் ‘நேத்து யாரு வந்தாங்க?’ என்று கேட்காதீர்கள். ‘நேத்து சாயங்காலம் உங்க தங்கச்சி வந்திருந்தாங்க, முறுக்கு கொண்டு வந்தாங்க’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். எனக்கு எதிரே நீங்கள் இருந்தால் சொல்வதைப் போலவே, மறைக்காமல் சொல்கிறேன்.

ஞாபகம் அடிபடுவதற்கு முன் இருந்தபடியே முழுதாகத் திரும்பும் என்று என்னால் சொல்ல முடியாது. மூளைக் காயத்தில் தேறுதல் முதல் ஆறு மாதத்தில்தான் வேகமாக இருக்கும். பிறகு வேகம் குறையும், ஆனாலும் இரண்டு ஆண்டு வரை முன்னேற்றம் தெரிவது உண்டு. பத்தாவது மாதத்தில் இருக்கிறீர்கள், கதவு மூடிவிடவில்லை. அதற்குப் பிறகும் ஒன்று தொடரும்: பாதிப்பு இருக்கும்போதே வேலையைச் செய்து முடிக்கும் வழிகளைக் கற்றுக்கொள்வது. மூளைக் காயத்தால் வரும் மறதி போன்றவற்றைக் கவனிக்கும் நரம்பு உளவியல் என்ற எங்கள் துறையில் நாங்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதி இதுதான். ஞாபகசக்தியைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கும் சிகிச்சை எங்களிடம் இல்லை. ஞாபகம் குறைவாக இருந்தும் ஒரு மனிதர் தன் தொழிலையும் குடும்பத்தையும் நடத்துவதற்கான ஏற்பாடுகள் இருக்கின்றன. அவை நன்றாகவே வேலை செய்கின்றன.

சுடோகு, செல்போன் விளையாட்டு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். சுடோகு போட்டால் சுடோகுவில் தேர்ச்சி வரும். அந்தத் தேர்ச்சி ஜாக்கெட் அளவை ஞாபகம் வைத்துக்கொள்ளும் இடத்துக்கு வந்து சேர்வதில்லை. பிடித்தால் பொழுதுபோக்காக விளையாடட்டும், பிடிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். வல்லாரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், ஆனால் காயம்பட்ட மூளையை அது சரிசெய்யும் என்பதற்குச் சான்று இல்லை. நீங்கள் குறிப்பிடும் ஞாபகசக்தி மாத்திரை சிட்டிகோலின் ஆக இருந்தால், 2012இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்ல வேண்டும். தலைக்காயம்பட்ட 1,213 பேரில் ஒரு பகுதியினருக்கு 90 நாள் அந்த மருந்தைக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மருந்து. இரு தரப்பும் தேறியதில் வித்தியாசம் இல்லை. டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள். ஆனால் அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

‘கை காலெல்லாம் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்ன’ என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம். மண்டையோட்டின் உட்புறம் எங்கும் வழவழப்பாக இருப்பதில்லை. நெற்றிக்குப் பின்னாலும் பொட்டுப் பக்கத்திலும் எலும்பு கரடுமுரடாக மேடும் விளிம்புமாக இருக்கும். வேகமாகப் போகும் தலை சட்டென்று நின்றால் உள்ளே மூளை நகர்ந்து அந்த விளிம்புகளில் உரசுகிறது. அதனால்தான் தலைக்காயங்களில் மூளையின் நெற்றிப் பக்கத்துப் பகுதியான நெற்றி மடலும், பொட்டுப் பக்கத்துப் பகுதியான பொட்டு மடலும் அதிகம் அடிபடுகின்றன. அதோடு, மூளையின் பகுதிகளை இணைக்கும் மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. சாதாரண ஸ்கேனில் இது பெரும்பாலும் தெரியாது. ரத்தக் கட்டை எடுத்தபின் ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்றால், கட்டு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். கை காலை அசைக்கும் பகுதி தப்பித்துவிட்டது. திட்டமிடுவது, தானாக ஒன்றைத் தொடங்குவது, கோபத்தை அடக்குவது, புதிய விஷயத்தைப் பதியவைப்பது ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிகள்தான் அடிவாங்கியிருக்கின்றன.

குளிக்க எழுந்திருக்காததும் அதனால்தான். குளிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கேட்டால் ‘ஆமா, குளிக்கணும்’ என்பார். அந்த எண்ணத்திலிருந்து உடம்பு எழுந்து நடப்பதற்கான தூண்டுதல் உள்ளிருந்து வருவதில்லை. அந்தத் தூண்டுதலை வெளியிலிருந்து கொடுத்தால் போதும், மீதியை அவரே செய்துவிடுவார். அதை நீங்கள் வாயால் கொடுத்தால் நச்சரிப்பாகிவிடும். செல்போன் அலாரம் கொடுக்கட்டும். காலை ஏழரைக்கு உங்கள் மகன் குரலிலேயே ‘அப்பா, குளிக்கிற நேரம்’ என்று பதிந்து வையுங்கள். கைப்பேசி பரவலாவதற்கு முன்பே பார்பரா வில்சன் குழுவினர் இதைப் பேஜரில், அதாவது சிறு செய்தி வந்தால் சத்தம் எழுப்பும் கருவியில், செய்து பார்த்தார்கள். 2001இல் வெளிவந்த அந்த ஆய்வில் 143 பேர் கலந்துகொண்டார்கள். மாத்திரை, குளியல், கடைக்குப் போவது என்று அவரவருக்கு வேண்டிய நினைவூட்டல் நேரத்துக்கு வந்தது. 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் அன்றாட வேலைகளை முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். ஞாபகசக்தி கூடியதால் அல்ல, வேண்டிய நேரத்தில் ஒரு சத்தம் வந்ததால்.

‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்று அவர் சொல்வது பொய்யோ வீம்போ இல்லை. தன் குறையைத் தானே கவனிப்பதும் நெற்றி மடலின் வேலைதான். அதுவும் பழுதாகியிருக்கிறது. அதனால் வாதாடி நிரூபிக்கப் பார்க்காதீர்கள். ‘எனக்கு உதவியா இருக்கும், இதைக் கொஞ்சம் எழுதி வையுங்க’ என்று கேளுங்கள். ‘உங்களுக்கு மறந்துபோகுது, அதனால எழுதுங்க’ என்பதைவிட அது சீக்கிரம் காரியத்தை முடிக்கும்.

அடுத்தது தையல். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்தது இந்த விஷயம்தான். 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பின் புதிதாக எதுவுமே அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். மூன்று நாளில் அவர் கை அதில் தேர்ந்துவிட்டது. ஆனால் முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை. கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் குடியிருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. உங்கள் கணவர் மெஷினில் உட்கார்ந்து பெடலை மிதித்து, பாபினில் நூல் சுற்றி, ஊசியில் கோக்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் தடுமாற மாட்டார். ஜாக்கெட் கெட்டுப்போனது தையல் மறந்ததால் அல்ல. எந்தத் துணி யாருடையது, எந்த அளவு யாருக்கு என்பது கலந்துபோனதால்தான்.

அப்படியானால் மாற்ற வேண்டியது கடையின் ஒழுங்கை. ஒவ்வொரு துணியும் வாங்கும்போதே தனிப்பையில் போகட்டும். வாடிக்கையாளர் பெயர், அளவு, கொடுக்க வேண்டிய தேதி எழுதிய சீட்டு துணியிலேயே குத்தப்பட்டிருக்கட்டும். வெட்டும் மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பைதான். அது முடிந்து அலமாரிக்குப் போன பிறகே அடுத்தது வரலாம். தையல்காரர்கள் எல்லோரிடமும் அளவு நோட்டு உண்டு. அது இனி அவருக்கு இன்னும் பெரிய வேலை செய்யப்போகிறது. நீள நோட்டாக ஒன்று வாங்குங்கள். ஒரே ஒரு நோட்டுதான். காலண்டர், துண்டுச்சீட்டு, உள்ளங்கை என்று நான்கு இடத்தில் எழுதினால் எங்கே எழுதினோம் என்பதே மறந்துவிடும். நோட்டு மேசைக் காலில் கயிறு கட்டித் தொங்கட்டும், பேனாவும் அதிலேயே. இடப்பக்கம் அன்றைய வேலை. வலப்பக்கம் நடந்தவை: யார் வந்தார்கள், எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார்கள். எழுதுவது அவர் கையாகவே இருக்கட்டும்.

அவர் ஏதாவது கேட்டால் பதிலை நீங்கள் சொல்லாமல், சாதாரணக் குரலில் ‘நோட்டுல இருக்கும்’ என்று சொல்லி விரலால் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். முதல் சில வாரங்கள் பக்கத்தைத் திறந்தே கொடுக்க வேண்டியிருக்கும். பிறகு நோட்டைக் காட்டினால் போதும், அப்புறம் பார்வையால் காட்டினாலே போதும். மெல்ல மெல்ல உங்கள் உதவியைக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டுவிடக் கூடாது. காலை ஒன்பது, மதியம் ஒன்று, மாலை ஐந்து மணிக்கு அலாரம் அடித்ததும் நோட்டைத் திறந்து படிப்பது கைப்பழக்கமாக வேண்டும். நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கு நினைவிருக்க வேண்டியதில்லை, நோட்டைத் திறக்கும் பழக்கம் இருந்தால் போதும். அந்தப் பழக்கம் படிய மூன்று நான்கு மாதமாகலாம். பலர் இரண்டாவது வாரத்திலேயே ‘இது சரிவராது’ என்று விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

வெட்டும் வேலையை இப்போது கொடுக்க வேண்டாம். புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது, ஹூக் வைப்பது, கிழிசல் அடிப்பது ஆகியவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். அவை தப்பு நேர இடமில்லாத வேலைகள். ஒரு மாதம் அது ஒழுங்காக நடந்தால் நீங்கள் வெட்டிக் கொடுத்ததை, அல்லது இன்னொரு டெய்லர் வெட்டிக் கொடுத்ததைத் தைக்கட்டும். வெட்டுவது கடைசி. லைனிங் எவ்வளவு, பார்டர் எந்தப் பக்கம், கை நீளத்துக்குத் துணி மிச்சமாகுமா என்று பத்து விஷயத்தை ஒரே நேரத்தில் மனதில் வைக்க வேண்டிய வேலை அது. அந்தக் கட்டம் வரும்போது மேசைக்கு எதிரே சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை ஒட்டுங்கள். ‘நிறுத்து. சீட்டுப் பெயரும் நோட்டுப் பெயரும் ஒன்றா? அளவெல்லாம் சரியா? பார்டர் எந்தப் பக்கம்? சாக்பீஸ் கோடு போட்டாயிற்றா? இப்போது கத்தரி.’ ஒவ்வொன்றையும் விரல் வைத்து வாய்விட்டுப் படித்த பிறகே கத்தரி எடுக்க வேண்டும். ‘நிறுத்து’ என்ற சொல்லுக்குத்தான் அந்த அட்டையில் மதிப்பு அதிகம். நெற்றி மடல் அடிபட்டவர்கள் அவசரத்தில்தான் தவறுகிறார்கள். இஸ்திரிப் பெட்டியை மட்டும் உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் முக்கியம். காயம்பட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும். நாம் யோசிக்காமல் செய்கிற காரியத்துக்கும் அவர் முயற்சி எடுக்க வேண்டியிருக்கிறது. காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, நடுவில் அரைமணி ஓய்வோடு, ரேடியோ இல்லாமல் வேலை செய்யட்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று துணி முடித்தால் போதும். தீபாவளி சமயத்தில் ஆர்டர் குவிகிறது என்று பழைய கணக்கை எதிர்பார்க்க வேண்டாம்.

அவருடைய கோபமும் பெரும்பாலும் களைப்போடு வருவதுதான். ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது. மாலையில் டிவி ஓட, குக்கர் விசிலடிக்க, மகன் ஏதோ கேட்க, எல்லாம் சேரும் நேரத்தில்தான் வெடிக்கிறார் என்று தெரியவரலாம். அந்த நேரத்தில் அவரை உள்ளறையில் தனியாகப் படுக்கவைத்தாலே பாதி குறையும். கத்தத் தொடங்கிவிட்டால் பதில் பேசாமல் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். இன்னொன்றும் பாருங்கள். வலிப்பு வராமல் இருக்க லெவெடிரசெட்டாம் என்ற மாத்திரை எடுக்கிறாரா? சிலருக்கு அதுவே எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். அவர் கோபம் அந்த மாத்திரை தொடங்கிய பிறகு அதிகமானதா என்று யோசித்து டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் வேறு மருந்துக்கு மாற்றலாம். நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, வலிப்பு வந்துவிடலாம். கை நீட்டுகிற நிலை வந்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். மகனோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுங்கள், அடுத்த நாளே டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

மகனிடம் உட்கார்ந்து பேசுங்கள். 13 வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியும். ‘அப்பாவுக்கு உன்மேல கோபமில்ல, அடிபட்ட இடம் கோபத்தைப் பிடிச்சு வைக்கிற இடம்’ என்று சொல்லுங்கள். அந்த அலாரத்துக்குக் குரல் கொடுக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள்.

மனநலப் பிரிவுக்குப் போவதில் எந்தக் களங்கமும் இல்லை. ஞாபகம், கவனம், திட்டமிடல் ஆகியவற்றைச் சோதிக்கும் மருத்துவ உளவியலாளர் பெரும்பாலும் அந்தப் பிரிவில்தான் இருப்பார், அதற்காகத்தான் அனுப்புகிறார்கள். உங்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் பெங்களூரில் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் நரம்பு உளவியல் பிரிவு இருக்கிறது, வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் இருக்கிறது. சோதனை சில மணி நேரம் பிடிக்கும், காலையில் நேரம் கேளுங்கள். எந்தத் திறன் நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று எழுத்தில் தருவார்கள். விபத்து இழப்பீட்டு வழக்கு நடக்கிறதென்றால் இந்த அறிக்கையை வக்கீலிடம் கட்டாயம் கொடுங்கள். கை கால் நன்றாக இருப்பவருக்கு என்ன ஊனம் என்று கேட்கும் இடத்தில், வெட்டத் தெரிந்தும் வெட்ட முடியாத ஒரு தையல்காரரின் இழப்பைக் காட்டுவதற்கு அதுதான் சாட்சி. தைராய்டு, வைட்டமின் பி12, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகள் தேவையா என்றும் கேளுங்கள். தலைக்காயத்துக்குப் பின் பிட்யூட்டரி மந்தமாகி, அதனாலேயே களைப்பும் சோர்வும் வருவது உண்டு. அது மருந்தால் சரியாகும்.

மது கூடவே கூடாது. டாக்டர் எழுதிக்கொடுக்கும் வரை வண்டிச் சாவியையும் அவர் கையில் கொடுக்க வேண்டாம். தூக்க மாத்திரைகளும், மயக்கம் தருகிற சளி மாத்திரைகளும் மறதியைக் கூட்டும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். தேறிவந்தவர் மறுபடி மந்தமானாலோ, நடை தள்ளாடினாலோ, அவசரத்தில் சிறுநீர் கழிந்தாலோ, தலைவலியோடு வாந்தி வந்தாலோ காத்திருக்காமல் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே அழைத்துப் போங்கள். மூளைக்குள் நீர் கோப்பது, மறுபடி ரத்தம் கட்டுவது போன்றவற்றை நேரத்தில் பார்த்தால் சரிசெய்துவிடலாம்.

உளவியலாளரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள், இப்போது போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், கோபத்தைக் குறித்துவைத்த தாள், அந்த நீள நோட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எதிரிலேயே அவருடைய குறைகளை அடுக்க வேண்டாம். ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் தூக்கம், உங்கள் அழுகை, உங்கள் கடன் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவரைப் பார்த்துக்கொள்கிறவரின் நிலைமை தெரியாமல் நாங்கள் போடும் திட்டம் வீட்டில் நடக்காது.